எக்ஸ்பிரஸ் நின்ற ஐந்து நிமிடம்

எங்கள் ரத்த வங்கியில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவன் நான் என்பதால் எனக்குத் தெரியும். மற்றவர்களைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள்.

ஏழாம் மாதமே பிறந்தவளாம். வயிற்றுக்குள் இருக்கவே பொறுமையில்லாதவள், வெளியே வந்து என்ன பொறுமை காட்டப்போகிறாள் என்று அவளுடைய அம்மாவே சொல்வாராம். மாடிப்படியில் இரண்டிரண்டாகத்தான் இறங்குவாள். மதியச் சாப்பாட்டை நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு, நான் டப்பாவைத் திறப்பதைப் பார்த்து, "அண்ணே, நீங்க சாப்பிடுறீங்களா, இல்ல பதிவு பண்றீங்களா?" என்பாள். அவள் கணவர் ஒரு தையல்காரர். ரவிக்கை தைக்கக் கொடுத்தவள் வியாழக்கிழமை வரச் சொன்னால் செவ்வாய் போய் நின்றாளாம், புதன் போய் நின்றாளாம். இப்படித் தினமும் வருகிறவளைச் சமாளிக்க வேறு வழி தெரியாமல் அந்த மனிதர் கட்டிக்கொண்டார் என்று நான் சொல்வேன். அவள் சிரித்துக்கொண்டே, "அந்த ரவிக்கை இன்னும் வரலண்ணே" என்பாள்.

நான் அவளுக்கு நேர் எதிர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து முப்பத்தோரு வருடமாகப் பெயரும் பிரிவும் எழுதுகிறவன். என் மேசையில் பேனாக்கள் நீளப்படி நிற்கும். பதிவேடுகள் எண்படி நிற்கும். யாராவது ஏழாம் எண்ணை ஐந்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் அன்று முழுக்க எனக்கு எரிச்சலாக இருக்கும். இதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

ரத்தத்தைப் பற்றி டெக்னீஷியனான அவளுக்கு இருக்கும் ஆசை வேறு யாருக்கும் நான் பார்த்ததில்லை. சாதாரணப் பையை எல்லோரும் சாதாரணக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். அது சில வாரம் தாங்கும். ஆனால் பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் இருக்கும் அபூர்வ ரத்தம் கிடைத்தால், அதை வருடக்கணக்கில் உறையவைத்துப் பாதுகாக்க மூலையில் ஒரு பெரிய உறைபெட்டி உண்டு. உள்ளே மைனஸ் எண்பது டிகிரி. சும்மா உறையவைத்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாகப் பனிக்கட்டியாகி செல்லைக் குத்திக் கிழித்துவிடும். அதனால் முதலில் கிளிசரினை உள்ளே ஏற்றிவிடுவார்கள். அது இருக்கும்வரை பனி ஊசி வளராது. ஏற்றுவது பெரிய காரியமில்லை. இறக்குவதில்தான் உயிர் போகும்.

ஏன் என்று ஒரு நாள் கேட்டுத் தொலைத்தேன். அவளுடைய அப்பா பஸ் கண்டக்டர். அதனால் அவள் எதைச் சொன்னாலும் அதில் ஒரு பஸ் வந்துவிடும்.

"அண்ணே, செல்லச் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. அத பஸ் கதவுன்னு வெச்சுக்கோங்க. உள்ள நெரிசல், வெளிய காலி. யாரும் தள்ள வேணாம், விசில் அடிக்க வேணாம். கூட்டம் தானா காலியா இருக்கிற பக்கம் வந்துரும். செல்லு இதுக்காக ஒரு துளி சக்தி செலவு பண்ணாது. பேசாம நிக்கும், அவ்வளவுதான்."

"தானா நடந்தா உனக்கு என்னம்மா வேலை?"

"எல்லாரும் ஒரே வேகத்துல ஏறி இறங்குனா எனக்கு வேலையே இல்ல. கிளிசரின் மூட்டை முடிச்சோட நிக்கிற ஆளு. மெதுவாத்தான் இறங்குவான். தண்ணி கைய வீசிட்டு வர்ற ஒல்லிக்குச்சி. மூட்டைக்காரன் ஒரு காலக் கீழ வெக்கிறதுக்குள்ள ஒல்லிக்குச்சி நூறு பேரு உள்ள ஏறிருவான். பஸ் என்ன ஆகும்?"

"வெடிக்கும்."

"வெடிக்கும். அதுக்குத்தான் உப்பு. வெளிய உப்பு கெட்டியா இருந்தா தண்ணிய அது வெளியவே புடிச்சு வெச்சுக்கும். அந்த நேரத்துல மூட்டைக்காரன் நிதானமா இறங்கட்டும். அவன் இறங்க இறங்க நான் உப்பக் கொறச்சுக்கிட்டே வரணும். மொதல்ல பன்னெண்டு சதவீதம், அப்புறம் ஒண்ணு புள்ளி ஆறு, கடைசியாத்தான் நம்ம உடம்புல இருக்கிற அளவு, பூஜ்யம் புள்ளி ஒன்பது. அவ்வளவுதாண்ணே, எவ்வளவு அழகா இருக்கு பாருங்க."

அழகாகத்தான் இருந்தது. இதைக் காதால் கேட்டு, தலையாட்டி, புரிந்தது என்று சொன்னவன் நான் என்பதை இங்கேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

அவளும் ஒரு முறை அடிபட்டவள்தான். ஆறு வருடம் முன்பு பயிற்சிக்காக, காலாவதியான ஒரு பையைக் கொடுத்தார்கள். முதல் உப்பைச் சேர்த்ததும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் எங்கே நின்றாள்? ஒன்றரை நிமிடத்தில் அடுத்ததைத் திறந்துவிட்டாள். நல்ல ரத்தம் கலங்கலாக இருக்கும், அந்தப் பக்கம் தெரியாது. அந்தப் பை கண்ணெதிரே தெளிந்துகொண்டே வந்தது. பெரிய டாக்டர், எங்கள் ரத்த வங்கியின் தலைவி, ஒரு செய்தித்தாளை எடுத்துப் பைக்குப் பின்னால் பிடித்தார். சிவப்பினூடே தலைப்புச் செய்தி முழுதும் படிக்க முடிந்தது. செல்லெல்லாம் வெடித்து வெறும் சாயத் தண்ணீர்.

"பதறாத காரியம் சிதறாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அன்று முதல் அவள் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டாள். குழாயைத் திறக்கும் முன் பாட்டிலின் சீட்டை உரக்கப் படிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் அதைச் சுவரில் தொங்கும், உப்பு அளவுகளை வரிசைப்படி எழுதிய அட்டையோடு ஒத்துப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் திறப்பாள். அதற்குப் பிறகு பதினோரு பைகளை அவள் கழுவிக் கொடுத்திருக்கிறாள். ஒன்றும் கெடவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். எதிர்க் கட்டடத்திலிருந்து அறுவை சிகிச்சை டாக்டர் போன் செய்தார். விடியற்காலையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது, குழந்தை நலம், தாய்க்கு மட்டும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. அடைத்தும் மருந்து கொடுத்தும் ஓரளவு பிடித்து வைத்திருக்கிறார்கள். அறுவை செய்தே ஆக வேண்டும், ரத்தம் இல்லாமல் கத்தியை வைக்க முடியாது. அவளுக்கோ அந்த அபூர்வப் பிரிவு. அதே பிரிவுள்ள இன்னொருவர் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார், சாயங்காலம்தான் சேருவார். அவள் அதுவரை தாங்கமாட்டாள். எங்கள் உறைபெட்டியில் அந்தப் பிரிவில் ஒரே ஒரு பை இருந்தது.

பெரிய டாக்டர் வெளியூர் முகாமில். இன்னொரு டெக்னீஷியனும் அவரோடு போயிருந்தார். ரத்தம் கழுவும் இயந்திரத்துக்கு உதிரிபாகம் வராமல் அது ஒரு மாதமாக மூடி போட்டு நின்றது. பெரிய டாக்டர் போனில், "கையாலயே பண்ணிரு, உன்னால முடியும். பக்கத்துல யாரையாவது வெச்சுக்கோ" என்றாராம். இருந்த யாராவது நான் ஒருவன்தான். உப்புக்குச் சப்பாணியாக என்னையும் கையுறை போடவைத்து உள்ளே இழுத்தாள்.

ஆய்வறைக் கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண்ணின் கணவன் நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். வேலைக்குக் கிளம்பின சட்டையோடு அப்படியே வந்திருந்தான், முழங்கையில் மஞ்சள் பெயின்ட் காய்ந்து கிடந்தது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

பை வெந்நீர்த் தொட்டியில் உருகத் தொடங்கியது. முப்பத்தேழு டிகிரி, பதினைந்து நிமிடம். அவள் தொட்டியைப் பார்த்து, "வா, வா, வந்துரு" என்று குழந்தையைக் கொஞ்சுவது போலச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, உப்புத் தண்ணி பாட்டில் மேல ஸ்டோர்ல இருக்கு. மூணு வகை. சீட்டப் பார்த்து எடுத்துட்டு வாங்க. ஓடுங்க."

ஓடினேன். ஐம்பத்தேழு வயதில், காலில் வெந்நீர் கொட்டியவன் போல இரண்டு மாடி ஏறி இறங்கினேன். பெயின்டர் கண்ணாடி வழியே நான் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பாட்டில்களைக் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்தேன். அழகாக, சீட்டு முன்பக்கம் தெரியும்படி, இடமிருந்து வலமாக வைத்தேன். முதலில் பூஜ்யம் புள்ளி ஒன்பது, அடுத்து ஒன்று புள்ளி ஆறு, கடைசியில் பன்னிரண்டு. சின்ன எண்ணிலிருந்து பெரிய எண். முப்பத்தோரு வருடமாக என் கை அப்படித்தான் வைத்துப் பழகியிருக்கிறது, அன்றும் அப்படியே வைத்தது.

பை உருகிவிட்டது. அவள் அதைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, தூக்கிப் பார்த்து, "கலங்கலா இருக்கு, நல்லா இருக்கு" என்று முகமெல்லாம் பூரித்தாள். கண் பையிலேயே இருந்தது. இடது கை தானாகப் போய் முதல் பாட்டிலை எடுத்துக் கொக்கியில் மாட்டியது. குழாயைச் செருகினாள். கட்டைவிரல் திருகின் மேல் போய் உட்கார்ந்தது. பிறகு பழக்கப்படி உரக்கப் படித்தாள்.

"பூஜ்யம் புள்ளி ஒன்பது."

நான் சுவரில் இருக்கும் அட்டையைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டு கிளிப்பிள்ளை போலச் சொன்னேன். "பூஜ்யம் புள்ளி ஒன்பது. சரி."

சரி என்றே சொன்னேன்.

அவளுடைய கட்டைவிரல் அசையவில்லை. அவள் வாய் சொன்னதை அவள் காது அப்போதுதான் கேட்டது போல இருந்தது. மெதுவாகத் தலையைத் தூக்கி பாட்டிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் மூட்டைக்காரனும் ஒல்லிக்குச்சியும் பஸ்ஸும் எல்லாம் எனக்கு ஒன்று விடாமல் நினைவுக்கு வந்துவிட்டன. அந்தத் திருகு ஒரு சுற்று சுற்றியிருந்தால் நான்கு வருடம் உறைந்து கிடந்த ரத்தம் எங்கள் கண்ணெதிரே சாயத் தண்ணீராகியிருக்கும். எதிர்க் கட்டடத்தில் ஒரு பெண் சாயங்கால ரயிலுக்காகக் காத்திருந்திருக்க வேண்டும்.

"குழாய மாத்தணும்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அந்தக் குழாயைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள், புதிது பிரித்தாள், பன்னிரண்டை மாட்டினாள். எல்லாம் அரை நிமிடம். "அண்ணே, இப்ப அட்டையப் பாருங்க. பாட்டிலப் பார்க்காதீங்க. அட்டையில மொதல்ல என்ன எழுதியிருக்கு?"

"பன்னிரண்டு" என்றேன்.

"பன்னிரண்டு" என்று பாட்டிலைப் படித்தாள். திறந்தாள்.

உப்பு சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவள் பையைத் தொட்டிலாட்டுவது போல ஆட்டினாள். இறங்கி முடிந்ததும் திருகை மூடி, பையைக் கிடத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம் தொடங்கியது.

இந்த ஐந்து நிமிடத்தை எப்படிச் சொல்வது? நாற்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிற ஒருத்தி நிற்கிறாள். செய்வதற்கு ஒன்றுமே இல்லை. தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது. கோடி கோடிக் கதவுகளில் மூட்டைக்காரர்கள் தாமாக இறங்க வேண்டும். வெளியே அந்தப் பெயின்டர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து நிற்கிறான். உள்ளே நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறான். அவனுக்கு என்ன தோன்றியிருக்கும்? பெண்டாட்டி அங்கே கிடக்கிறாள், இவர்கள் இங்கே வேடிக்கை பார்க்கிறார்கள் என்றுதானே தோன்றும். கண்ணாடியைத் தட்டினான். அவள் அவனைப் பார்த்து விரல்களை விரித்து ஐந்து என்று காட்டினாள்.

போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"என்னம்மா பண்றீங்க அங்க? பிரஷர் இறங்கிட்டே இருக்கு" என்றார் அறுவை சிகிச்சை டாக்டர்.

"கழுவிக்கிட்டு இருக்கேன் டாக்டர். இன்னும் அம்பது நிமிஷம்."

"அவ்வளவு நேரம் இல்ல. எதையாவது கொறச்சுட்டு சீக்கிரம் அனுப்புங்க."

"டாக்டர், இப்ப நான் அவசரப்பட்டா உங்களுக்குச் செவப்புத் தண்ணிதான் வரும், ரத்தம் வராது. நேரத்த நீங்க எப்படியாவது எனக்கு வாங்கிக் கொடுங்க. பை நல்லபடியா வரும்." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். மறுபடி பைக்குப் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"எவ்வளவு ஆச்சு?" என்றாள்.

"மூணு நிமிஷம் பத்து நொடி."

"பொய் சொல்லாதீங்க. பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும்."

"மூணு நிமிஷம் இருபது நொடி" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பயத்திலும் அவளுக்கும் வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்த அந்த மனிதன் எங்களை என்ன நினைத்தானோ.

ஐந்து முடிந்தது. அட்டையைப் பார்த்தேன். "ஒண்ணு புள்ளி ஆறு" என்றேன். "ஒண்ணு புள்ளி ஆறு" என்றாள், திறந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். சுழலும் இயந்திரத்தில் போட்டாள், செல்கள் அடியில் படிந்தன, மேலே நின்ற கழிவை இறுத்தாள். முதல் கழிவு நல்ல சிவப்பாக வந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து, "மொதல்ல அப்படித்தான் வரும், கிழடு தட்டின செல்லெல்லாம் போயிரும்" என்றாள். மறுபடி சேர்த்தாள், மறுபடி சுழற்றினாள். இரண்டாவது இளஞ்சிவப்பாக வந்தது. "பாருங்க, வெளுக்குது" என்று என் தோளில் ஒரு தட்டு தட்டினாள். கடைசியாகப் பூஜ்யம் புள்ளி ஒன்பது. அதைப் படிக்கும்போது மட்டும் என்னை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாள்.

முடிவில் சின்னக் குழாயில் கொஞ்சம் எடுத்துச் சுழற்றி, வண்ண அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வெடித்த செல் அதிகமென்றால் மேல்தண்ணீர் சிவப்பாக இருக்கும், பையை அனுப்பக் கூடாது. அவள் குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். மேல்தண்ணீர் ஏறக்குறைய நிறமே இல்லாமல் நின்றது. அடியில் ரத்தம் கெட்டியாக, கலங்கலாக இருந்தது.

"வந்துருச்சு அண்ணே" என்றாள். "வந்துருச்சு, வந்துருச்சு." பையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்கு அவளே ஓடினாள். பெயின்டரும் பின்னாலேயே ஓடினான். நான் காலியான பாட்டில்களோடு தனியே நின்றேன். மூன்றையும் பன்னிரண்டு முதலாக மாற்றி வைத்தேன், யாருக்கும் பயனில்லாமல்.

பிற்பகல் இரண்டரை மணிக்குப் பெயின்டர் திரும்பி வந்தான். நேரே என் கூண்டுக்கு வந்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"சார், நீங்க ஓடுனத நான் பார்த்தேன் சார். இந்த வயசுல படியில அப்படி ஓடுனீங்க. எம் பொண்டாட்டி பொழச்சுட்டா சார். என்னைக்கும் மறக்க மாட்டேன்."

அந்தக் கைகள் என் கைகளைப் பிடித்திருந்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை நான் வாழ்நாளில் பட்டதில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் முடியவில்லை.

"தம்பி, என்னைக் கும்பிடாத. பாட்டில வரிசை மாத்தி வெச்சவன் நான். அது சரின்னு சொன்னவனும் நான். அந்தம்மா மட்டும் நிறுத்தலன்னா உன் பொண்டாட்டிக்குக் கொடுக்க இங்க ரத்தமே இருந்திருக்காது."

கையை விட்டுவிடுவான் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. "அவங்க எங்க சார்?" என்றான்.

அவனை உள் வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். அவள் நின்றுகொண்டே எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டு மூச்சு விடாமல் கேட்டாள். "என்னப்பா, ஆபரேஷன் முடிஞ்சுதா? ரத்தம் நின்னுதா? கொழந்தை என்ன, பொண்ணா பையனா? அவங்க கண்ண முழிச்சாங்களா?"

அவன் அத்தனைக்கும் பதில் சொல்லவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் சொன்னான். "முழிச்சுட்டாக்கா. முழிச்ச உடனே, பாப்பா எங்கன்னு கேட்டா."

காலையிலிருந்து உட்காராதவள் அந்த வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன கேட்டாங்கன்னு இன்னொரு தடவ சொல்லு. மெதுவாச் சொல்லு."

அவன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னான்.